பாசிர் ரிஸ் தென்னையும் ஒரு பழைய சட்டமும்

மணற்பாங்கான கடற்கரையில் தென்னை தானே செழிக்கும் என்பர். பாசிர் என்னும் மலாய்ச் சொல்லே மணலைக் குறிப்பது. சிங்கப்பூரின் வடகிழக்குக் கரையிலுள்ள பாசிர் ரிஸ் ஒரு காலத்தில் கம்பங்கள் நிறைந்த ஊர். 1980களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்து அது புதுநகராயிற்று. எனினும் தரைவீடுகள் சிலவற்றின் கொல்லைகளில் தென்னை இன்றும் நிற்கக் காணலாம். அதனை வளர்ப்போர் கேட்கும் கேள்வி மிகப் பழையது: நேற்றுவரை நன்றாயிருந்த மரத்தின் குருத்து இன்று சாய்ந்தது ஏன்?

இக்கேள்விக்கு 1889 இல் ஓர் அறிக்கையாகவே விடை எழுதினார் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி. தமிழர் பூமலை என வழங்கிய தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பை முந்திய ஆண்டில்தான் அவர் ஏற்றிருந்தார். ரப்பரால் புகழ்பெற்ற அப்பெரியாரைத் தென்னை வளர்ப்போர் நினைவுகூர்வதில்லை. அது நன்றியின்மை என்பேன்.

ரிட்லி இரண்டு பகைகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று காண்டாமிருக வண்டு. இரவில் பறந்து வந்து குருத்தைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சும். துளைபட்ட ஓலை பின்னர் விரியும்போது, விசிறியைக் கத்தரித்தாற்போல் வெட்டுண்டிருக்கும். துளைவாயில் மென்று தள்ளிய நார் தெரியும். மற்றொன்று சிவப்புக் கூன்வண்டு. இது காயம் தேடி வருவது. முன்னது திறந்த வாயிலில் நுழைந்து முட்டையிட, அதன் புழுக்கள் தண்டின் உள்ளே தின்று கொழுக்கும். குருத்து சாயும்போது வேலை முடிந்திருக்கும். ஆதலால் ஓலை வெட்டைக் கண்ட அன்றே கொக்கிக் கம்பியால் வண்டை இழுத்தெடுத்து, மட்டை இடுக்குகளில் வேப்பம் புண்ணாக்கும் மணலும் கலந்து இடுதல் நன்று.

இனி, இவ்வண்டு எங்கே பிறக்கிறது என்பதே பெரிதும் கருதத்தக்கது. பச்சை மரத்தில் அது பிறப்பதில்லை. பட்டுப்போன தென்னந்தண்டு, எருக்குவியல், மட்கும் மரத்தூள் ஆகியவற்றிலேயே அதன் வெண்புழு வளர்கிறது. ஒருவர் வெட்டிப் போட்ட அடிமரம், வேலிக்கு அப்பாலிருப்பவரின் தோப்பை அழிக்கும். 1890 இல் நீரிணைக் குடியேற்றங்களில் தென்னை மரப் பாதுகாப்புச் சட்டம் பிறந்ததன் காரணம் இதுவே. பட்ட மரங்களையும் மட்கும் குவியல்களையும் அகற்றுவது உரிமையாளரின் கடமையாயிற்று. பார்வையிட ஆய்வாளரும் வந்தார். தன் நிலத்துக் குப்பைக்கு அரசாங்கம் கணக்குக் கேட்பதைச் சிறு தோட்டக்காரர் விரும்பியிருக்கமாட்டார். ஆயினும் சட்டம் நோயின் வேரைச் சரியாகவே பிடித்தது.

இவ்வொழுங்கு இல்லாத நாடுகள் பட்ட பாடு பெரிது. 1909 இல் இலங்கையிலிருந்து சென்ற ரப்பர் நாற்றுகளோடு இவ்வண்டு பசிபிக் தீவான சமோவாவை அடைந்தது. ரப்பர் சென்ற வழியே தென்னையின் எமனும் சென்றது! அங்கிருந்து பல தீவுகளுக்கும் அது பரவியது. மருந்து கிடைத்ததோ வண்டின் பழைய தாயகத்தில். 1963 இல் அலாய்ஸ் ஹூகர் என்னும் ஜெர்மானிய அறிஞர், வண்டுக்கே நோய் தரும் நச்சுயிரி ஒன்றை மலேசிய மண்ணில் கண்டார். 1967 இல் அது சமோவாவில் விடப்பட்டது. நோயுற்ற வண்டுகளே அதனைப் பிற வண்டுகளுக்குப் பரப்பின. சேதம் வெகுவாகக் குறைந்தது.

ஆனால் 2007 இல் குவாம் தீவில் தோன்றிய வண்டினம் அந்த நச்சுயிரிக்கு எளிதில் அடங்கவில்லை. அங்கே மீண்டும், பட்ட மரத்தை அகற்று, குவியலைக் கிளறு என்னும் வேலைக்கே திரும்பினர். பாசிர் ரிஸ் கொல்லையில் இலைதழை உரக்குழி வைத்திருப்போர் அதனை மாதந்தோறும் அடிவரை புரட்டிப் பார்க்கவேண்டும். சுருண்டு கிடக்கும் பருத்த வெண்புழு கண்ணில் பட்டால், அண்டை வீட்டாரிடமும் சொல்லிவிடுவது நல்லது.