ஆளில்லாமல் 126 கிலோமீட்டர்

"2022-ல் விண்வெளிக்கு ஆள் அனுப்புவோம்னு சொன்னாங்களே, என்ன ஆச்சு?" ககன்யான் பேச்சு வந்தாலே வகுப்பில் யாராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். நியாயமான கேள்விதான். 2018 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பிரதமர் அறிவித்தது 2022-க்குள் என்றுதான். அந்த வருடம் வந்து போய்விட்டது. 2018 டிசம்பரில் 10,000 கோடிக்குள் முடிப்பதாக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 20,193 கோடியானது (இதில் இந்திய விண்வெளி நிலையத்தின் முதல் பகுதிக்கான செலவும் சேர்த்தி). காமர்ஸ் படிக்கிற நமக்கு முதலில் கண்ணில் படுவது இந்த எண்கள்தான்.

ஆனால் ஆளை ஏற்றிச் செல்லும் ராக்கெட்டுகளின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், இந்தத் தாமதத்தை நட்டப் பக்கத்தில் எழுத மனசு வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

மேலே போய்க் கீழே வருவது

ஒரு கல்லை மேலே எறிந்தால் கொஞ்ச உயரம் போய்விட்டுத் திரும்பி விழும். சில விண்வெளிச் சுற்றுலா நிறுவனங்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். பூமியைச் சுற்றி வருவதில்லை. 80, 100 கிலோமீட்டர் உயரம் போய், சில நிமிடம் எடையில்லாமல் மிதந்துவிட்டு இறங்கிவிடுவார்கள். ககன்யானின் இலக்கு வேறு, அது பூமியைச் சுற்ற வேண்டும். ஆனால் அதற்கு முன்னோடியாக நாம் செய்த பெரிய சோதனை இந்தக் கல் எறிகிற வகைதான்.

2014 டிசம்பர் 18. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்.வி.எம்.3 ராக்கெட் தன் முதல் சோதனைப் பயணத்தில் ஒரு கூண்டைத் தூக்கிக்கொண்டு போனது. வீரர்கள் உட்காரப்போகும் கூண்டின் மாதிரி அது. உள்ளே ஒருவரும் இல்லை. 126 கிலோமீட்டர் உயரத்தில் பிரிந்து, காற்று மண்டலத்தின் சூட்டைத் தாங்கி, பாராசூட்டில் அந்தமான் பக்கம் கடலில் விழுந்தது. கடலோரக் காவல்படை அதை மீட்டுக் கப்பலில் எண்ணூருக்குக் கொண்டுவந்தது.

2004-ல் பரிசு வென்ற ஸ்பேஸ்ஷிப்ஒன் போனது 112 கிலோமீட்டர். 2021-ல் ரிச்சர்ட் பிரான்சனும் ஆந்திராவில் பிறந்த சிரிஷா பந்த்லாவும் போனது சுமார் 86 கிலோமீட்டர். நம் காலிக் கூண்டு அவர்களையெல்லாம் விட உயரம் போய்வந்திருக்கிறது! ஆனால் டிவியில் பிரான்சனைப் பார்த்த அளவுக்கு இதை யாரும் பார்க்கவில்லை. ஆள் இல்லாத கூண்டை யார் பார்ப்பார்கள் :-)

சிரிப்பு வாயுவும் ரப்பரும்

திருவிழா வாணம் பார்த்திருப்பீர்கள். பற்றவைத்தால் மருந்து தீரும்வரை நிற்காது. திட எரிபொருள் மோட்டார் அந்த ஜாதி. திரவ இன்ஜினில் குழாயை மூடி நிறுத்திவிடலாம், ஆனால் பம்பு, வால்வு என்று ஆயிரம் சிக்கல். இரண்டுக்கும் நடுவில் ஒரு கலப்பு வகை உண்டு. எரிபொருள் திடமான ரப்பர். அதை எரிக்க ஆக்சிஜன் தருவது நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது பல் டாக்டர்கள் கொடுக்கும் சிரிப்பு வாயு. வாயுவை நிறுத்தினால் நெருப்பு நின்றுவிடும். எளிமை, பாதுகாப்பு, மலிவு என்று பர்ட் ருட்டானின் ஸ்கேல்டு நிறுவனம் இதைத் தேர்ந்தெடுத்தது. 2004 ஜூன் 21-ல் மைக் மெல்வில் 100 கிலோமீட்டர் தாண்டினார். அக்டோபர் 4-ல் ஒரு கோடி டாலர் பரிசு கிடைத்தது. அதே செப்டம்பரில் பிரான்சன் வர்ஜின் கேலக்டிக்கை அறிவித்தார். 2007 வாக்கில் பயணிகளை ஏற்றுவதாகத் திட்டம்.

அந்த 2007-ல் நடந்ததே வேறு. ஜூலை 26 அன்று மொஹாவி பாலைவனத்தில் ஒரு தரைச் சோதனை. இன்ஜினைப் பற்றவைக்கக்கூட இல்லை, சிரிப்பு வாயுவைக் குழாயில் ஓட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதுவே வெடித்து மூன்று பேர் இறந்தார்கள்.

பிறகு பெரிய கப்பலுக்கான மோட்டாரில் ரப்பருக்குப் பதில் நைலான் வகைப் பிளாஸ்டிக் என்று 2014-ல் மாற்றினார்கள். அந்த அக்டோபர் 31-ல் புது மோட்டாரோடு முதல் பறப்பு. மோட்டார் ஒழுங்காகவே எரிந்தது. ஆனால் இறங்கும்போது மட்டும் மடக்க வேண்டிய வால் பகுதியின் பூட்டு முன்கூட்டியே திறக்கப்பட்டு, கப்பல் காற்றிலேயே உடைந்தது. துணை விமானி மைக்கேல் ஆல்ஸ்பரி இறந்தார். 2015-ல் மறுபடி ரப்பருக்கே திரும்பினார்கள். முதல் வணிகப் பயணம் 2023 ஜூன் 29-ல்தான் நடந்தது. சொன்னதைவிட 16 வருடம் தாமதம். டிக்கெட் விலையும் இதற்குள் 2 லட்சம் டாலரிலிருந்து 4.5 லட்சம் டாலர் ஆகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அந்தக் கப்பலை விமானி இல்லாமல் பறக்கவிட வழியே இல்லை. ஒவ்வொரு சோதனைப் பறப்பிலும் மனித உயிர் பணயம். போட்டியாளரான ப்ளூ ஆரிஜின் தன் ராக்கெட்டை 15 முறை ஆளில்லாமல் அனுப்பிவிட்டுத்தான் 2021 ஜூலை 20-ல் ஆளை ஏற்றியது. 2024 மே 19-ல் விஜயவாடாவில் பிறந்த கோபி தோட்டக்குரா போனது அதில்தான்.

நம்ம ஊர் மலையடிவாரம்

புதுக்கோட்டையிலிருந்து மதுரை, திருநெல்வேலி தாண்டி நாகர்கோவில் சாலையில் போனால் பணகுடி, காவல்கிணறு வரும். அந்தப் பக்கம்தான் மகேந்திரகிரி. இஸ்ரோவின் திரவ இன்ஜின்களை எரித்துப் பார்க்கும் இடம். அங்கே சோதிக்கப்படும் விகாஸ் இன்ஜினின் பிறப்பு நம் பாடத்துக்கும் கொஞ்சம் சம்பந்தப்பட்டது, ஏனென்றால் அது ஒரு பண்டமாற்று. 1974-ல் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றோடு இஸ்ரோ ஒப்பந்தம் போட்டது. நம் பொறியாளர்கள் அங்கே போய் வைக்கிங் இன்ஜின் வேலையில் உழைப்பார்கள், பதிலுக்கு அந்தத் தொழில்நுட்பம் நமக்கு. நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன் அந்தக் குழுவை வழிநடத்தினார். நாம் செய்த இன்ஜின் 1985-ல் பிரான்சின் வெர்னான் நகரில் வெற்றிகரமாக எரிந்தது. அதற்கே 11 வருடம்!

செயற்கைக்கோளை ஏற்றிப் பழகிய இன்ஜினை ஆளை ஏற்றவும் நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. மறுபடியும் எரித்துப் பார்க்க வேண்டியதுதான். 2021 ஜூலை 14-ல் விகாஸை 240 நொடி எரித்தார்கள். கிரையோஜெனிக் வகையான சிஇ20-க்கு நான்கு இன்ஜின்களை வைத்து 39 முறை, மொத்தம் 8,810 நொடி. தேவையான குறைந்தபட்சம் 6,350 நொடிதான். 2,460 நொடி அதிகமாகவே எரித்திருக்கிறார்கள். கணக்குப் புத்தகத்தில் இது வெறும் செலவு. உட்காரப்போகிறவருக்கு இதுதான் முதலீடு.

ஐந்து நொடி

2023 அக்டோபர் 21. வீரர்களை ஆபத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போகும் அமைப்புக்கான சோதனை. ஒரே ஒரு விகாஸ் இன்ஜின், மேலே காலிக் கூண்டு. 8.45 மணிக்குக் கிளம்ப 5 நொடி இருக்கும்போது கணினி தானாக நிறுத்திவிட்டது. நேரலை பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். கோளாறைச் சரிசெய்து 10 மணிக்கு அனுப்பினார்கள். கூண்டு சுமார் 17 கிலோமீட்டர் உயரம் போய், வங்கக் கடலில் இறங்கியது. கடலில் அது தலைகீழாகக் கிடந்ததையும் கண்டார்கள். உள்ளே ஆள் இருந்திருந்தால்? அடுத்த சோதனைக்கு அதைச் சரிசெய்யும் வேலை சேர்ந்துகொண்டது. நாட்கள் இப்படித்தான் தள்ளிப்போகின்றன.

எல்லாத் தாமதமும் நல்லது என்று சொல்லவில்லை. வரிப்பணம், கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் "ஏன் இன்னும் போகவில்லை?" என்பதோடு "இதுவரை எத்தனை நொடி எரித்தீர்கள், எத்தனை முறை காலியாக அனுப்பினீர்கள்?" என்றும் கேட்போம். முதல் கேள்விக்கு ஒரு தேதியைச் சொல்லித் தப்பித்துவிடலாம். இரண்டாவதற்கு எரித்துக் காட்டினால்தான் பதில்.