காசு, கேஷ், ரொக்கம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். இடித்த வீடுகளின் நிலைக்கதவு, பர்மா தேக்குத் தூண், எனாமல் தூக்கு, கண்ணாடி உடைந்த ரவிவர்மா படம் எல்லாம் அங்கே வந்துதான் சேரும். போன வருஷம் ஒரு கடையில், ஊறுகாய் பாட்டில் நிறைய செப்புக் காசுகளைப் போட்டு வைத்திருந்தார்கள். கிளறியதில் ஒன்று கையில் தட்டுப்பட்டது. ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கிய கேடயம், 1808 என்று வருஷம். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதற்குக் கீழே ரோமன் இலக்கத்தில் இருபது, பக்கத்தில் ஆங்கிலத்தில் 'கேஷ்'.

"என்னண்ணே, காசுல கேஷ்னு போட்டிருக்கு?"

"வெள்ளக்காரன் காசு தம்பி. அவன் அப்படித்தான் போடுவான். எரநூறு ரூவா. கேஷாக் குடுத்துருங்க, ஜிபே வேணாம்."

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் மாதம் ஒரு முறையாவது ஒரு செய்தி வரும். 'கேஷ் என்ற ஆங்கிலச் சொல் தமிழின் காசிலிருந்து பிறந்தது, பெருமையோடு பகிர்வோம்.' அனுப்புவது சித்தப்பா. காலேஜில் படித்தபோது நானே அதைப் பத்துப் பேருக்குத் தள்ளிவிட்டிருக்கிறேன். கையில் அந்தச் செப்புக்காசு வந்த பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். சித்தப்பா சொல்வது பாதி சரி. ஆனால் அவர் நினைக்கிற பாதி இல்லை.

ஆங்கிலத்தில் 'கேஷ்' ஒரு சொல் இல்லை, இரண்டு. எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, பிறந்த வீடு வேறு. நல்ல ஆங்கில அகராதி எதுவும் இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு போட்டிருக்கும்.

முதல் கேஷ், நாம் தினமும் சொல்கிற கேஷ். பிரெஞ்சு 'கேஸ்' அல்லது இத்தாலிய 'காஸ்ஸா' வழியாக வந்தது. அவற்றுக்கு மூலம் லத்தீன் 'கப்ஸா', அதாவது பெட்டி. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, வியாபாரி பணம் போட்டு வைக்கும் பெட்டிக்கும் அதுதான் பெயர், பெட்டிக்குள் இருந்த பணத்துக்கும் அதுதான் பெயர். பிறகு பெட்டி மெல்ல உதிர்ந்து, பணம் மட்டும் மிஞ்சியது. நம் ஊரில் 'இன்னைக்குக் கல்லா எவ்வளவு?' என்று கேட்கிறோமே, அதே கதைதான். கல்லா என்பது பெட்டி, கேட்பது வசூலை. (அந்தக் கல்லாவும் வடக்கிலிருந்து வந்த சொல்தான். மூலம் அரபியில் விளைச்சல், தானியம். அதைச் சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.)

இரண்டாவது கேஷ் நம்முடையது. இந்தியக் கடற்கரைக்கு வந்த போர்த்துகீசியர்கள், இங்கே புழங்கிய சின்ன நாணயத்தைக் காசு என்று சொல்லக் கேட்டார்கள். அவர்கள் மொழியில் ஏற்கெனவே 'காய்ஷா' என்று ஒரு சொல் உண்டு. அர்த்தம், நம்பினால் நம்புங்கள், பெட்டி. அதே லத்தீன் பெட்டியின் பேத்தி. காதில் விழுந்த காசை, வாயில் இருந்த காய்ஷா போல ஆக்கிவிட்டார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு, தங்கள் 'கேஷ்' மாதிரியே எழுதினார்கள். ரயிலில் அடுத்தடுத்த சீட்டில் உட்கார்ந்த இரண்டு பேர், முகஜாடை ஒன்றாக இருப்பதால் அண்ணன் தம்பி என்று பெயர் வாங்கிய மாதிரி.

இதைக் கண்டுபிடிக்க இன்டர்நெட் தேவைப்படவில்லை. 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலேயே இந்தக் குழப்பம் பேசப்பட்டிருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவர் பர்னெல், தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். காசு என்ற சொல்லைக் கோர்ட்டில் நித்தம் கேட்ட காது அவருடையது.

நம் கேஷ் சுற்றிய சுற்று லேசுப்பட்டதில்லை. சீனாவில் நடுவில் சதுர ஓட்டை போட்ட நாணயங்கள் உண்டே, அவற்றுக்கும் ஆங்கிலேயர் கேஷ் என்றே பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் மியூசியங்களில் 'சீனக் கேஷ்' என்று சீட்டு ஒட்டியிருக்கும். சீனர்கள் தங்கள் காசை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. தமிழ்ச்சொல், போர்த்துகீசிய வாய், ஆங்கில எழுத்து, சீனக் காசு.

மெட்ராஸில் கம்பெனிக்காரர்கள் வைத்திருந்த கணக்கு தலைசுற்றும். 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். இந்த 'பணம்' அப்போது ஒரு குட்டி நாணயத்தின் பெயர். இன்று நாம் மொத்தச் செல்வத்துக்கும் அதைச் சொல்கிறோம். 1818இல் மெட்ராஸ் மாகாணம் ரூபாய்க்கு மாறியபோது இந்தக் கணக்கு முடிவுக்கு வந்தது. ஆனால் திருவிதாங்கூரில் 16 கேஷ் ஒரு சக்கரம் என்று 1949 வரை ஓடியது. எங்களுக்கு வடக்கே புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. நவராத்திரிக்கு அரிசியோடு சேர்த்து ஜனங்களுக்குக் கொடுப்பார்கள். செட்டிநாட்டு ஊர்களில் ராயவரம், அரிமளம் போன்றவை அந்தச் சமஸ்தானத்துக்குள் இருந்தவை. ஒரே சமூகம், நடுவில் எல்லை, இரண்டு விதச் செப்பு.

என் கையிலிருந்த 1808 காசு அச்சானது பர்மிங்ஹாமில், மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில். அங்கிருந்து கப்பலில் மெட்ராஸுக்கு வரும். 1809 ஜனவரியில் அப்படிக் காசு ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே குட்வின் மணல்திட்டில் மாட்டி மூழ்கியது. 1980களில் முக்குளித்து எடுத்தார்கள். மெட்ராஸ் சந்தையில் கத்தரிக்காய் வாங்கியிருக்க வேண்டிய காசு இன்று வெளிநாட்டு ஏலத்தில் போகிறது. என்னுடையது கப்பல் தப்பி வந்த வகை, தேய்மானத்தைப் பார்த்தால் நிறையக் கை மாறியிருக்கிறது. அதன் பாரசீக வரி சொல்வது 'இருபது காஸ், நான்கு ஃபலூஸ்' என்று. ஆக ஒரே செப்பில் கேஷும் இருக்கிறது, காஸும் இருக்கிறது. தமிழ் எழுத்து மட்டும் இல்லை.

காசு நமக்கே ஆதியில் என்னவாக இருந்தது? குறுந்தொகையின் 67ஆம் பாட்டில், கிளியின் வளைந்த அலகில் இருக்கும் வேப்பம்பழத்தைப் பற்றிப் பேசும் ஒருத்திக்கு, புது நூல் கோக்கிற ஒருவரின் கூரிய நகத்தில் பிடித்த பொற்காசு ஞாபகம் வருகிறது. அங்கே காசு செலவழிக்கிற பொருளில்லை, கோத்து அணிகிற பொருள். காசுமாலையில் அந்த அர்த்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளுக்கு வரும்போது கதை மாறிவிடுகிறது. கோவில் காசை ஊர்ச்சபைகளிடம் கொடுத்து, காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை என்று எழுதி வைக்கிறார்கள். நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி. இந்த மண்ணில் வட்டிக்கணக்கைச் செட்டியார்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதற்காக இதை அழுத்திச் சொல்கிறேன். காசுக்குக் 'குற்றம்' என்றும் ஒரு பழைய அர்த்தம் உண்டு. வெண்பாவின் கடைசிச் சீருக்கான வாய்பாடுகளிலும் காசு ஒன்று. நாள், மலர், காசு, பிறப்பு. ஏதாவது ஒரு குறளைச் சொல்லி முடித்துப் பாருங்கள், இந்த நாலில் ஒன்றில்தான் வந்து நிற்பீர்கள். இந்தக் காசும் வடமொழிக் 'கர்ஷ' என்ற எடையிலிருந்து வந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சண்டை இப்போதைக்கு முடியாது.

இனி நான் பிறந்த வீட்டுக் கதை. எங்கள் ஐயா பதினாறு வயதில் ரங்கூனுக்குக் கப்பலேறியவர். வேலை, பெட்டியடிப் பையன். வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள். ஒவ்வொன்றும் நீளமான கூடம். ஒரு கூடத்துக்குள் பல விலாசம், அதாவது பல கடை. ஒரு கடை என்றால் பாய், கணக்குப் புத்தகங்கள், சரிவு மேல்மூடி வைத்த ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குப் பின்னால் மேலாள், பக்கத்தில் அடுத்தாள், பெட்டியடியில் பையன். கடைக்கே அடையாளம் பெட்டிதான். லத்தீன்காரனும் இத்தாலிக்காரனும் எந்தப் பெட்டியிலிருந்து கேஷுக்குப் பெயர் எடுத்தானோ, அந்தப் பெட்டிக்கு அடியில் எங்கள் ஐயா உட்கார்ந்திருந்திருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

அவருடைய சின்னக் கணக்கு நோட்டு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. மேலே பிள்ளையார் சுழி, சிவமயம். பிறகு வரவு, பற்று. காசு என்ற சொல்லைத் தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை. கேஷும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் இருப்பது 'ரொக்கம்'. மராத்தியும் இந்தியும் புழங்குகிற 'ரோக்', 'ரோக்கட்' வகையறா. ஆங்கிலேயனுக்குக் காசைக் கொடுத்ததாகச் சொல்லும் நாங்கள், எங்கள் கணக்கையே வடக்கிலிருந்து வாங்கிய சொல்லில்தான் எழுதியிருக்கிறோம்.

ரொக்கம் என்ற சொல்லின் முழு எடை எனக்குப் புரிந்தது பர்மா வரலாற்றைப் படித்தபோது. 1929-30இல் பர்மா வங்கி விசாரணைக் குழு, அங்கே சுமார் 1650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும், அவை புழங்கிய முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. அடுத்த வருஷமே உலக மந்தம், நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய பர்மிய விவசாயியால் ரொக்கமாகத் திருப்ப முடியவில்லை, நிலத்தை எழுதிக் கொடுத்தான். கீழ்பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில், 1930இல் நூற்றுக்கு 6 ஏக்கர் செட்டியார்களிடம் இருந்தது, 1937இல் 25 ஆனது. வெளியிலிருந்து பார்த்தால் நிலத்தை விழுங்கிய கூட்டம். பர்மியர்கள் அப்படித்தான் பார்த்தார்கள், நிலம் போனவனின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பெட்டிக்குப் பின்னால் இருந்து பார்த்தால் வேறு காட்சி. உள்ளே ரொக்கம் இருந்த இடத்தில் பத்திரம். பத்திரத்தை வைத்துக்கொண்டு காரைக்குடியில் தவணைக்குப் பணம் போட்டவருக்குப் பதில் சொல்ல முடியாது. 1942இல் ஜப்பான்காரன் வந்தான். ஐயா அரக்கான் வழியாக நடந்து வந்தவர்களில் ஒருவர். சுதந்திர பர்மா 1948இல் நில தேசியமயச் சட்டம் போட்டது. பத்திரம் காகிதமானது. மலேயாவில் தங்கிய சொந்தக்காரர்களுக்கு வேறு மாதிரிக் காகிதம், வாழை மரம் அச்சடித்த ஜப்பான் நோட்டு. 1945க்குப் பிறகு அதைச் சீந்த ஆளில்லை.

இதற்கு நடுவிலேதான், 1937 பிப்ரவரி 10ஆம் தேதி, மு.சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைக் காரைக்குடி, மெட்ராஸ், ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்தார். பெட்டி கவுன்ட்டர் ஆனது. கவுன்ட்டருக்குப் பின்னால் கேஷியர். பிற்காலத்தில் கேஷியரைத் தமிழாக்கியவர்கள் 'காசாளர்' என்றார்கள். பெட்டிக்காரனுக்குக் காசுக்காரன் என்று பெயர். தப்புப் பொருத்தம்தான், ஆனால் என்ன அழகான தப்பு. பிரிந்திருந்த இரண்டு கேஷும் அந்த ஒரு பலகையில் சேர்ந்துவிட்டன. அதே கையோடு செக்குக்குக் 'காசோலை' வைத்தார்கள். காசு கையில் இல்லாததால் எழுதித் தருகிற ஓலைக்குக் காசோலை!

சித்தப்பாவுக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப சுருட்டு?" என்றார். செரூட் நம்ம சுருட்டுதான் சித்தப்பா, சந்தேகமே இல்லை. "கட்டுமரம்?" அதுவும் நம்முடையதுதான். "சரி, அதையே அனுப்பிக்கிறேன்" என்று வைத்துவிட்டார். மறுநாள் காலையில் குழுவில் பழைய கேஷ் செய்திதான் வந்தது.

ஊருக்கு வந்து சேர்ந்த ஐயா, ஆசாரியை உட்கார வைத்து ரங்கூன் பெட்டி மாதிரியே ஒன்று செய்துகொண்டார். வட்டிக்கடை வைக்கத்தான். கடைசிவரை வைக்கவில்லை. இப்போது அதில் கரண்ட் பில், ரேஷன் கார்டு, வேலை செய்யாத இரண்டு ரிமோட். 1808ஐ அதற்குள் போட்டு மூடப் போனபோது ஆத்தா பார்த்துவிட்டார்கள்.

"என்னடா அது?"

"இருபது காசு, ஆத்தா. வெள்ளக்காரன் காலத்துது."

"என்ன வெல?"

சொன்னேன்.

"இருபது காசுக்கு எரநூறு ரூவாயா? ஒங்க ஐயா இருந்திருந்தா ஒன்னைப் பெட்டியடில உக்காரவே விட்டிருக்க மாட்டாரு."