ஜிம்னிமிக் அமிலத்தின் வரலாறு

ஜிம்னிமிக் அமிலம் என்பது சிறுகுறிஞ்சான் கொடியின் இலையில் உள்ள சபோனின் வகைச் சேர்மங்கள் பலவற்றின் பொதுப்பெயர் ஆகும். இது நாவில் இனிப்புச் சுவையைத் தற்காலிகமாக மறைக்கிறது. இதனால் இக்கொடி சர்க்கரைக்கொல்லி என்றும் அழைக்கப்படுகிறது.

கண்டறிதல்

இவ்விலையை மென்றபின் தேநீரில் இட்ட சர்க்கரையின் சுவை தெரியவில்லை என்று எட்ஜ்வொர்த் என்னும் அதிகாரி கண்டறிந்த செய்தி 1847இல் பதிவாயிற்று. அதன் காரணத்தை ஆராய்ந்தவர் டேவிட் ஹூப்பர். உதகமண்டலத்தில், சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைக்கும் கொயினா மருந்தை ஆராயும் அரசு வேதியியலாளராக அவர் பணியாற்றினார். இலையிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு ஜிம்னிமிக் அமிலம் எனப் பெயரிட்டு, 1887இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளியிட்டார்.

வேதியியல் பண்புகள்

பூந்திக்கொட்டை, சீயக்காய் ஆகியவற்றை நுரைக்கச் செய்வதும் சபோனின்களே. சபோனின் மூலக்கூறில் கொழுப்பை நாடும் பகுதியும் நீரை நாடும் சர்க்கரைப் பகுதியும் இணைந்திருக்கும். ஜிம்னிமிக் அமிலத்தில் முன்னது 30 கார்பன் அணுக்கள் கொண்ட ஜிம்னிமாஜெனின். பின்னது குளுக்குரோனிக் அமிலம். இவற்றுடன் அசைல் தொகுதிகளும் உண்டு. அவை குறையக் குறைய, இனிப்பை மறைக்கும் திறனும் குறைகிறது.

நாவில் செயல்

இச்சேர்மம் நாவிலுள்ள இனிப்பு உணர்வேற்பியில் ஒட்டிக்கொண்டு அதன் செயலைத் தடுக்கிறது. ஏற்பியின் எப்பகுதியில் ஒட்டுகிறது என்பதைச் சப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் விளக்கினர். இலையை மென்றுவிட்டுத் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைத் தின்றால் பாலின் சுவை தெரியும், இனிப்பு தெரியாது. ஆனால் அதிலுள்ள சர்க்கரை முழுவதும் உடலில் சேரவே செய்யும்.

நீரிழிவு ஆய்வுகள்

சர்க்கரைக்கொல்லி என்ற பெயரைக் கொண்டு, இது இரத்தச் சர்க்கரையையும் நீக்கிவிடும் எனப் பலர் கருதுகின்றனர். நாவில் நிகழ்வது வேறு, இரத்தத்தில் நிகழ்வது வேறு. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உடைய 22 பேருக்கு வழக்கமான மாத்திரைகளுடன் நாள்தோறும் 400 மில்லிகிராம் இலைச்சாறு 18 முதல் 20 மாதங்கள் வரை தரப்பட்டது. இரத்தச் சர்க்கரை குறைந்தது. ஐவர் மாத்திரையை நிறுத்த முடிந்தது. எனினும் 22 பேரிடம் கிடைத்த முடிவை அனைவருக்கும் பொதுவாகக் கொள்ள இயலாது.

எனவே இலையை நம்பி இன்சுலினையோ மாத்திரையையோ தாமாக நிறுத்துவது ஆபத்தானது. மருந்துடன் சேர்த்து உண்டால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடும். மருத்துவரிடம் தெரிவித்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.