மணிக்கட்டு வலிக்கு என்பைக் குறுக்கும் சத்திரசிகிச்சை: ஆண்டுகள் கழிந்தபின் என்ன?

துவாய் பிழியும்போது, திறப்பைத் திருப்பும்போது, நிலத்தில் கை ஊன்றி எழும்பும்போது சின்னவிரல் பக்கத்து மணிக்கட்டில் சுள்ளென்று ஒரு வலி. வன்னியில் இந்த வலியோடு வாழ்பவர்கள் பலரை எனக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருத்தி. வாதம் என்று சொல்லி எண்ணெய் பூசிக்கொண்டு காலத்தைக் கடத்துகிறோம். சிலருக்கு அது வாதமே அல்ல. முன்னங்கையின் இரண்டு என்புகளுக்கும் இடையிலான நீளக் கணக்குப் பிழைத்துப்போனதுதான் காரணம்.

பெருவிரல் பக்கம் இருப்பது ஆரை என்பு. சின்னவிரல் பக்கம் இருப்பது அரந்தி என்பு. மணிக்கட்டில் இறங்கும் பாரத்தில் ஏறக்குறைய 80 வீதத்தை ஆரையும் 20 வீதத்தை அரந்தியும் தாங்குகின்றன. 1984இல் பால்மர், வேர்னர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து வெளியிட்டார்கள். அரந்தி 2.5 மில்லிமீற்றர் நீண்டால் அதன் பங்கு 42 வீதமாக உயர்கிறது. அதே அளவு குறுகினால் 4 வீதத்துக்கு இறங்கிவிடுகிறது. ஒரு நெல்மணியின் அகலம்தான் இந்த வித்தியாசம். நீண்டு நிற்கும் அரந்தி, மணிக்கட்டின் சிறிய என்புகளையும் இடையிலுள்ள கசியிழையத்தையும் நாளாந்தம் இடித்துத் தேய்க்கிறது.

எங்களுக்கு இது எப்படி வந்தது? 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை ஷெல் வீச்சுக்கு உள்ளானபின், புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் கிடைத்த கட்டடங்களிலும் கூடாரங்களிலும் சிகிச்சை நடந்தது. உயிரைக் காப்பதே அங்கு முதல் வேலை. முறிந்த கையை அளவெடுத்துப் பொருத்த யாருக்கு நேரம்? என் கைக்கு மட்டை வைத்துக் கட்டிவிட்டவர்களை இன்றும் நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் ஆரை குறுகி, சற்றுச் சாய்ந்து பொருந்திக்கொண்டது. அரந்தி பழைய நீளத்திலேயே நின்றது. அந்த நாட்களில் சிறுவர்களாக இருந்தவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. ஆரையின் முனையிலுள்ள வளர்ச்சித்தட்டு சேதமடைந்தால் அது வளராமல் நின்றுவிடும். அரந்தி வளர்ந்துகொண்டே போகும். இன்று இருபது வயதுகளில் இருக்கும் அவர்களில் சிலருக்கு வலி இப்போதுதான் தொடங்குகிறது.

அரந்தியின் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்து, முனைகளைச் சேர்த்துப் பிளேற்றும் ஸ்குறூவும் பூட்டுவதே சத்திரசிகிச்சை. நியூயோர்க்கைச் சேர்ந்த ஹென்றி மில்ச் 1941இல் இதை எழுதியபோது, அவர் எடுத்துக்கொண்டதும் பிழையாகப் பொருந்திய ஆரை முறிவைத்தான். வழமையாக வெட்டப்படுவது சில மில்லிமீற்றர் மட்டுமே. ஆரை மிகவும் வளைந்திருந்தால் இது போதாது, ஆரையையே திருத்த வேண்டிவரும்.

நீண்டகாலப் பலன் என்ன? பெரும்பாலானோருக்கு வலி தெளிவாகக் குறைகிறது, பிடிப்புப் பலம் கூடுகிறது, பல ஆண்டுகள் கழிந்தும் அந்த நன்மை நிற்கிறது. முற்றாக வலியற்ற கை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. எனக்கும் கிடைக்கவில்லை. தேங்காய் துருவுகிறேன், வாளியில் தண்ணீர் அள்ளுகிறேன். மண்வெட்டி பிடித்தால் மட்டும் அன்றிரவு தெரியும். இரண்டு என்புகளும் சந்திக்கும் மூட்டில் தேய்மானம் ஆண்டுகள் போகப் போக எக்ஸ்றேயில் தெரியலாம். படத்தில் தெரிவதெல்லாம் வலியாக மாறுவதில்லை. படத்தைப் பார்த்து நான் பயந்ததுதான் மிச்சம்.

அதிகம் காணும் தொல்லை பிளேற்தான். தோலுக்கு அடியில் உறுத்தும், மேசையில் கை வைத்தால் நோகும். அதனால் பலர் பின்னர் அதை அகற்றுகிறார்கள். அகற்றியபின் ஸ்குறூ ஓட்டைகள் நிரம்பும்வரை என்பு பலவீனமாக இருக்கும். அந்தக் காலத்தில் பாரம் தூக்கினால் மீண்டும் முறியலாம்.

பெரிய தோல்வி என்பது வெட்டிய இடம் ஒட்டாமல் போவது. ஒட்டவே சில மாதங்கள் எடுக்கும். 2001இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், புகைக்காதவர்களுக்கு சராசரி 4.1 மாதத்தில் ஒட்டியது, புகைப்பவர்களுக்கு 7.1 மாதம் சென்றது. ஒட்டத் தாமதித்தவர்களும் ஒட்டாமல் போனவர்களும் புகைப்பவர்களிடையேதான் இருந்தார்கள். வெற்றிலையோடு சப்பும் புகையிலையிலும் அதே நிக்கொற்றின் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் ஒருவருக்கு இந்த மாதக்கணக்கு மருத்துவக் கணக்கு மட்டுமல்ல. அத்தனை நாளும் அடுப்பு எப்படி எரியும் என்பதையும் திகதி வாங்க முன்பே யோசிக்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான நோயும் உண்டு. 1910இல் வியன்னாவின் றொபேட் கீன்பொக் விவரித்த நோயில் மணிக்கட்டின் நடுவிலுள்ள பிறையென்பு இரத்தோட்டம் குன்றிச் சிதைகிறது. அரந்தி குட்டையாக உள்ளவர்களுக்கு அங்கு ஆரையைக் குறுக்குவார்கள். ஆகவே "என்பை வெட்டினால் சுகம்" என்று ஒருவர் சொல்வதைக் கேட்டு அதையே கேட்டு நிற்க வேண்டாம்.

கிளினிக்குக்குப் போகும்போது இரண்டு மணிக்கட்டுகளையும் ஒப்பிட்டுப் படம் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். கையை இறுகப் பொத்தியபடி எடுக்கும் படத்தில் அரந்தியின் நீட்டம் கூடுதலாகத் தெரியும். எம்ஆர்ஐ எழுதித் தந்தால், உடம்பில் எங்கேனும் ஷெல் துண்டு இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். கேள்வி வருமோ என்ற பயத்தில் எங்களில் பலர் அதை மறைக்கிறோம். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடியது, கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ அருகில் இருந்தால் ஆபத்து. நான் சொன்னபோது, முதலில் சாதாரண எக்ஸ்றே எடுத்துத் துண்டுகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தார்கள். தோளில் இரண்டு இருந்தன. ஒன்றை நான் அதுவரை அறிந்திருக்கவில்லை.