பதஞ்சலியை அரபியில் எழுதிய அறிஞர்

சில மாதங்களுக்கு முன்னர் மன்திக் பாடம் முடிந்த வேளையில் மாணவர் ஒருவர் என்னை அணுகி, “ஹள்ரத், யோகாசனம் செய்வது கூடுமா?” என்று வினவினார். முதுகுவலிக்காக மருத்துவர் அதனைப் பரிந்துரைத்திருக்கிறாராம். ஃபத்வா வழங்குவது முஃப்திகளின் பொறுப்பு. மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் 2008-இல் முஸ்லிம்களுக்கு அது ஆகாதென்று கூறியதையும், இந்தோனேசிய உலமாக்கள் பேரவை 2009-இல் மந்திரமும் வழிபாடும் கலந்ததை விலக்கி, வெறும் உடற்பயிற்சியாக அமைவதை அனுமதித்ததையும் அவருக்கு எடுத்துரைத்தேன். ஆயினும் அவருடைய அடுத்த வினாவே என்னைச் சிந்திக்க வைத்தது: “நம் முன்னோர்களுக்கு இது தெரிந்திருந்ததா?”

தெரிந்திருந்தது. நாம் எண்ணுவதினும் நன்றாகவே தெரிந்திருந்தது.

ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கஸ்னவி சுல்தான் மஹ்மூதின் படைகள் இந்தியாவின் வடமேற்கில் புகுந்த காலத்தில், குவாரஸ்மில் பிறந்த அபூரைஹான் அல்பீரூனி (973–1048) பண்டிதர்களை அருகமர்த்திச் சமஸ்கிருதம் பயின்றுகொண்டிருந்தார். படையெடுப்புகளால் அந்நாட்டின் செழிப்பு சிதைந்ததையும், அம்மக்களின் உள்ளத்தில் முஸ்லிம்கள்மீது வெறுப்பு ஊன்றியதையும் மறைக்காமல் எழுதியவர் அவர். சுல்தானின் ஆதரவில் வாழ்ந்தவர் ஒருவர் இவ்வாறு எழுதியது சிறிய செய்தியன்று. ஏறத்தாழ 1030-இல் நிறைவுற்ற ‘தஹ்கீகு மா லில் ஹிந்த்’ நூலின் முன்னுரையில், தாம் முன்னரே இரண்டு நூல்களை அரபியாக்கியதாக அவர் குறிப்பிடுகிறார். ஒன்று சாங்கியம் பற்றியது; மற்றொன்று பதஞ்சலியின் யோக நூல்.

இந்த இரண்டாம் நூல் நெடுங்காலம் கண்ணுக்கு அகப்படவில்லை. 1922-இல் பிரெஞ்சு அறிஞர் லூயி மாசிஞோன், இஸ்தான்புல் கொப்ருலு நூலகத்திலிருந்த ஒரு தொகுப்புச் சுவடியின் ஓரப்பகுதிகளில் அது எழுதப்பட்டிருப்பதைக் கண்டார். படிப்பதற்கரிய அவ்வெழுத்தை வாசித்துச் செம்மைசெய்து, ஹெல்முட் ரிட்டர் 1956-இல் அச்சேற்றினார். வேறொரு நூலின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு உயிர் பிழைத்த நூல் அது!

அல்பீரூனி அதனைச் சொல்லுக்குச் சொல்லாகப் பெயர்க்கவில்லை. மூலச் சூத்திரங்களையும் உரையையும் ஒன்றாகக் குழைத்து, துறவி ஒருவர் வினவப் பதஞ்சலி விடைபகர்வதாக அமைத்தார். அரபி வாசகருக்கு அது பழகிய நடை. ஈசுவரனை ‘அல்லாஹ்’ என்றும், தேவர்களை ‘மலாயிகா’ என்றும், மோட்சத்தை ‘கலாஸ்’ என்றும் குறித்தார். இத்தகைய சொற்றேர்வு இன்று சிலருக்கு நெருடலாகத் தோன்றலாம். ஆயின் மறுபிறவி போன்ற, நமது அகீதாவுக்கு முற்றிலும் முரணான கொள்கைகளை அவர் மழுப்பவுமில்லை, மறைக்கவுமில்லை. அவர்கள் கொண்டதை அவர்கள் கொண்டவாறே வைத்தார். ‘ஹிந்த்’ நூலில் பதஞ்சலியின் கூற்றுகளுக்கு அருகே ஸூஃபிகளின் கூற்றுகளையும் நிறுத்தி ஒப்புநோக்கினார். இரண்டும் ஒன்றே என்று தீர்ப்பெழுதிவிடவில்லை.

இன்று யோகம் என்றதும் உடலை வளைக்கும் ஆசனங்களே நினைவுக்கு வருகின்றன. பதஞ்சலியின் நூற்றுத் தொண்ணூற்றைந்து சூத்திரங்களில் ஆசனத்துக்கென அமைந்தவை மூன்றே. மனத்தின் அலைவை அடக்கித் தன்னை அறிவதே அவருடைய நோக்கம். அல்பீரூனியின் கவனமும் அங்கேயே நின்றது.

இங்கே ஓர் ஐயத்தைத் தீர்த்துவிட வேண்டும். தஸவ்வுஃப் இந்தியாவிலிருந்து கடன்பெற்றது என்று கூறுவோர் உளர். சேனர் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் 1960-இல், பாயஸீத் பிஸ்தாமி (ரஹ்) அவர்களுக்கு வேதாந்தத்தைக் கற்பித்தவர் அபூஅலீ அஸ்ஸிந்தி என்று வாதித்தார். ‘ஸிந்தி’ என்ற அடைமொழியே அவருடைய முதன்மையான சான்று. குராஸானிலும் அப்பெயரில் ஓர் ஊர் இருந்ததை ஆர்பெரி எடுத்துக்காட்டினார். அன்றியும் ஜுனைத் அல்பக்தாதி (ரஹ்) மறைந்தது 910-இல். பதஞ்சலி அரபிக்கு வந்ததோ அதன்பின் ஒரு நூற்றாண்டு கழிந்தே. பக்தாதில் தஸவ்வுஃப் முதிர்ந்தபின்னரே இந்நூல் பிறந்தது.

ஆனால் பிற்காலத்து இந்திய ஸூஃபிகளிடம் கொடுக்கல் வாங்கல் அறவே இல்லை என்பதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. ‘ஃபவாயிதுல் ஃபுஆத்’ என்னும் தொகுப்பில், அஜோதனில் பாபா ஃபரீத் (ரஹ்) அவர்களின் கான்காஹுக்கு யோகிகள் வந்துபோனதை நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) நினைவுகூர்கிறார்கள். மனித உடலின் மேற்பாதி மேலுலகம், கீழ்ப்பாதி கீழுலகம் என்று ஒரு யோகி விளக்கியதைக் கேட்டு மகிழ்ந்ததாகவும் கூறுகிறார்கள். கேட்டார்கள், பாராட்டினார்கள், தம் வழியிலேயே நின்றார்கள்.

‘அமிர்தகுண்டம்’ என்ற நூலின் கதை வேறு. ‘ஹவ்ளுல் ஹயாத்’ என அரபியில் பரவிய இந்நூல், காமரூபத்து யோகி ஒருவர் வங்காளத்தின் லக்னவ்தியில் காழி ருக்னுத்தீன் ஸமர்கந்தியோடு வாதிட்டு இஸ்லாத்தைத் தழுவிய நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறது. அக்கதையை ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. மூச்சின் வலம் இடம், ஆசனங்கள், தியானங்கள் முதலியவற்றைக் கூறும் இந்நூல் பல சுவடிகளில் இப்னு அரபி (ரஹ்) அவர்களின் பெயரையே சுமந்து நிற்பது விந்தை! ஷத்தாரிய்யா தரீக்காவின் முஹம்மது கவ்ஸ் குவாலியரி (இறப்பு 1563), குஜராத்தில் வாழ்ந்த நாள்களில் இதனைப் பாரசீகத்தில் ‘பஹ்ருல் ஹயாத்’ என விரித்தெழுதினார். இளவரசர் ஸலீமுக்காக அலகாபாத்தில் 1600-க்குப் பின் தீட்டப்பட்ட அதன் ஓவியப்படி இன்று டப்லினின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. ஆசனங்களைத் தொடராகக் காட்டும் மிகப் பழைய ஓவியச் சுவடிகளுள் ஒன்று அது.

இம்மரபில் கோரக்கர் கிள்ரு (அலை) என்றும், மச்சேந்திரர் யூனுஸ் (அலை) என்றும் இணைத்துரைக்கப்படுகின்றனர். என்னால் இதனை ஏற்க இயலவில்லை. பெயரை மாற்றிவிட்டால் பொருள் மாறிவிடுமா? யோகிக்கும் இது நீதியன்று, நபிமார்களுக்கும் இது கண்ணியமன்று. முஹம்மது கவ்ஸ் தமக்குக் கிட்டியதாகக் கூறிய மிஃராஜ் அனுபவம் குறித்து குஜராத்தில் அலீ முத்தகீ (ரஹ்) அவருக்கெதிராக ஃபத்வா வழங்கியதும், வஜீஹுத்தீன் அலவீ (ரஹ்) அவரைக் காத்து நின்றதும் அறிந்ததே. இருவரும் பேரறிஞர்கள். நம் குணங்குடியாரின் பாடல்களில் வரும் வாசியையும் குண்டலியையும் வாசிக்கும்போதும் இந்த வேறுபாட்டை நினைவிற்கொள்வது நல்லது. அவர் சித்தர் வழக்கைக் கையாண்டது தம் ஷைகையும் ரப்பையும் பாடுதற்கே.

மாணவருக்கு ரிட்டரின் பதிப்பைத் தந்தேன். ஒரு வாரம் கழித்து அவர் அதில் ஒரு சொல்லைக் காட்டினார். சமாதிநிலைக்கு அல்பீரூனி ஆண்ட சொல் ‘தஸவ்வுர்’. அறிவு தஸவ்வுர், தஸ்தீக் என இருவகைப்படும் என்று மன்திக்கின் முதற்பாடத்தில் நாங்கள் ஓதும் அதே சொல்! “இதை ஏன் எடுத்தார், ஹள்ரத்?” என்றார். அன்றைய பாடம் அதிலேயே கழிந்தது. அவருடைய முதுகுவலி எப்படியிருக்கிறதென்று கேட்க மறந்துவிட்டேன்.