வாறோசு: கொரிய மையிலும் திருமலைச் சந்நிதியிலும் ஒரே மணம்

கொரியப் பண்பாட்டைத் தழுவியவை என்ற அறிமுகத்துடன் மென்மணத் தைலங்கள் சில அண்மைக்காலமாகச் சந்தைக்கு வருகின்றன. பைன் மரம், கைக்காகிதம், எழுதுமை ஆகியவற்றின் வாசனைகளை அவை கொண்டிருப்பதாகச் சொல்லப்படுகிறது. இவற்றுள் எழுதுமையின் வரலாறு நமக்கு அண்மையது. புகைக்கரியையும் விலங்குப் பசையையும் பிசைந்து மைக்கட்டி செய்வது கிழக்காசிய மரபு. பசையின் நாற்றத்தை மறைக்க அதில் கஸ்தூரியும் 'யொங்னே' என்ற பொருளும் சேர்ப்பார்கள். சீனத்திலிருந்து கொரிய மொழி பெற்ற அச்சொல்லுக்கு 'டிராகனின் மூளை' என்பது நேர்ப்பொருள். நாம் அதனைப் பச்சைக் கற்பூரம் என்கிறோம்.

சந்திரகிரியை அடுத்த ஸ்ரீவாரிமெட்டு வழியாகத் திருமலை ஏறுவோர் சந்நிதியில் நுகர்வதும் இம்மணத்தையே. மூலவரின் மோவாயில் பச்சைக் கற்பூரம் சாத்தும் வழக்கத்தை, இராமாநுசரின் சீடர் அனந்தாழ்வானோடு தலமரபு இணைக்கிறது. சந்திரகிரியைத் தளமாகக் கொண்டு எழுந்த சாளுவ நரசிம்மன், திருமலைக்குப் பெருங்கொடை அளித்தவன். விஜயநகரக் காலத் திருமலைக் கல்வெட்டுகள் சந்தனம், கற்பூரம், கஸ்தூரி ஆகியவற்றை வழிபாட்டுப் பொருள்களாகப் பதிகின்றன. 1443இல் விஜயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அரசன் தமக்குப் பணமுடிப்போடு கற்பூரமும் அளித்ததாக எழுதுகிறார்.

இது கொரியாவிலும் விளையாது, சேஷாசலத்திலும் விளையாது. நாம் ஏற்றும் சூடம் வேறொரு மரத்திலிருந்து வந்தது. பச்சைக் கற்பூரமோ சுமத்ரா, போர்னியோ, மலாய்க் காடுகளில் வளரும் ஓங்கிய மரங்களின் உள்ளே படிகமாக உறைவது. சுமத்ராவின் மேற்குக் கரையிலுள்ள பாருஸ் இதற்குப் பெயர்பெற்ற துறைமுகம். மலாய் மொழியில் இன்றும் இது 'காப்பூர் பாருஸ்'. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் அடுக்கும் கற்பூர வகைகளுள் ஒன்று 'வாறோசு'. அது பாருஸின் தமிழ் வடிவமே என்று அறிஞர் கொள்வர். பாருஸை அடுத்த லோபு துவாவில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழுவினர் 1088இல் தமிழ்க் கல்வெட்டு ஒன்றைப் பொறித்தனர்.

அதற்கு 9 ஆண்டுகள் முன்பு, 1079இல், சீனத்தின் சோங் பேரரசர் கொர்யோ மன்னர் முன்ஜோங்கிற்கு மருந்துப் பொருள்களை அனுப்பினார். அவற்றுள் யொங்னேயும் இருந்ததாகக் 'கொர்யோசா' வரலாற்று நூல் பதிகிறது. அந்தக் கற்பூரம் தமிழ் வணிகரின் கைவழியாகச் சென்றது என்பதற்குச் சான்றில்லை. தென்கடல் காடுகளின் சரக்கு ஒருபுறம் நம் சந்நிதிகளுக்கும், மறுபுறம் சீனம் வழியாகக் கொரியாவுக்கும் சென்றது. இவ்வளவே சொல்லத்தக்கது.

இந்த வரையறை முக்கியமானது. தமிழ்–கொரிய உறவு என்றவுடன், அம்மா, அப்பா என்னும் சொற்களையும், 'அயுதா' நாட்டிலிருந்து கடல்கடந்த அரசியின் கதையையும் காட்டுகிறோம். அந்தக் கதையைச் சொல்லும் 'சம்குக் யூசா', அது நிகழ்ந்ததாகக் கூறும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டு, 13ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டது. மழலையின் உதடுகள் முதலில் கூட்டும் ஒலிகள் உறவற்ற மொழிகளிலும் ஒத்திருக்கும் என்பதை ரோமன் யாக்கோப்சன் விளக்கியிருக்கிறார். இத்தகைய ஒற்றுமைகளைக் கொண்டு இனவுறவு பேசுவது எளிது. ஆனால் ஊரும் ஆண்டும் பொருளும் காட்டி நிறுவக்கூடிய உறவு, அது சிறிதாயினும், நிலைத்து நிற்கும்.

இவ்வரலாற்றில் பெயர் பெறாதவர்களும் உண்டு. மலாய்த் தீபகற்பத்தின் தெற்கே ஜொகூர்க் காடுகளில் கற்பூரம் தேடிச் சென்ற ஜக்கூன் பழங்குடியினர், அன்றாடச் சொற்களை விலக்கி, அத்தேடலுக்கென்றே அமைந்த ஒரு தனிமொழியைப் பேசினர். பொதுமொழியைப் பேசினால் கற்பூரம் கிட்டாது என்பது அவர்கள் நம்பிக்கை. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அச்சொற்களைத் தொகுத்தனர். மன்னரின் கொடையும் வணிகரின் பெயரும் கல்லிலும் ஏட்டிலும் நின்றன. மரத்தைத் தேடி அலைந்தவர்களிடமிருந்து நமக்கு எஞ்சியது அந்தச் சொற்பட்டியல்தான். கொரிய மணம், சந்நிதி மணம் என்று நாம் பெயரிடும் மென்மணத்தின் முதல் உரிமை, அச்சொற்களைப் பேசியவர்களுக்கும் அவர்களைப் போன்ற காட்டுவாசிகளுக்கும் உரியது.