எண்பது வயதில் எடுத்த வாள்

1857 என்றால் நமக்கு ஜான்சி ராணிதான் ஞாபகத்துக்கு வருவார். பீகாரில் ஜகதீஷ்பூரை ஆண்ட குன்வர் சிங்கை நம் பக்கம் அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. ஜூலை 25-ல் தானாப்பூர் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து ஆரா நகருக்கு வந்தபோது, தலைமை ஏற்றவர் அவர். வயதோ ஏறக்குறைய 80! கடன் சுமையில் ஜமீன் கைநழுவும் நிலை. வந்த சிப்பாய்களில் பலர் அவருடைய போஜ்பூர் மண்ணின் பிள்ளைகள்.

ஆராவில் அவரைத் தடுத்தது யார் தெரியுமா? ஒரு என்ஜினீயர்! ஆபத்து வரும் என்று கணித்த ரயில்வே என்ஜினீயர் விகார்ஸ் பாயில், தன் வளாகத்திலிருந்த சின்ன மாடிக் கட்டடத்தின் வளைவுகளைச் செங்கல் வைத்து அடைத்து, உணவும் சேர்த்து வைத்திருந்தார். உள்ளே 70 பேர்கூட இல்லை. சிப்பாய்கள் சுரங்கம் தோண்ட, உள்ளிருந்தவர்கள் எதிர்ச் சுரங்கம் தோண்டினார்கள். ஒரு வாரமாகியும் கட்டடம் விழவில்லை. ஆகஸ்ட் 3-ல் ஆங்கிலப் படை வந்து அவர்களை மீட்டது. அதே மாதம் ஜகதீஷ்பூரும் பறிபோனது.

வேறொருவர் என்றால் 'போதும்டா சாமி' என்று ஒதுங்கியிருப்பார். கிழவர் விடவில்லை. கான்பூர், லக்னோ என்று சுற்றி, 1858 மார்ச்சில் ஆசம்கரைப் பிடித்தார். ஏப்ரலில் கங்கையைக் கடக்கையில் கையில் குண்டு பாய்ந்தது. அந்தக் கையைத் தானே வெட்டிக் கங்கைக்குக் கொடுத்தார் என்பது அங்கே மக்கள் சொல்லும் கதை. அந்தக் காயத்தோடு 23-ம் தேதி ஜகதீஷ்பூர் அருகே ஆங்கிலப் படையை முறியடித்தார். 26-ல் சொந்த ஊரிலேயே கண் மூடினார். தம்பி அமர் சிங் போரைத் தொடர்ந்தார்.

அரியர் வைத்திருக்கும் தம்பிகளும், முப்பதிலேயே 'வயசாயிடுச்சுப்பா' என்று அலுத்துக்கொள்ளும் நம் பேட்ச் நண்பர்களும் இந்தக் கிழவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.